மில்லில் அரைத்த கறித்தூள்: திருகோணமலையில் எப்போது நம்பலாம், எப்போது பக்கெற்றே மேல்

திருகோணமலையில் ஒரு வீட்டுக்குக் கறித்தூள் மூன்று வழியில் வருகிறது. ஒன்று, கடையில் கட்டிய பக்கெற். இரண்டாவது, சாக்கையோ வாளியையோ திறந்துவைத்து நிறுத்துத் தரும் சில்லறைத் தூள். மூன்றாவது, சரக்கை நாமே வாங்கி, துப்புரவாக்கி, வறுத்து, மில்லில் கூலி கொடுத்து அரைப்பித்த தூள். இங்கே மதிப்பிடப்படுவது மூன்றாவது. மற்ற இரண்டும் ஒப்பிடுவதற்காக வருகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவையிலும் சுகத்திலும் மில்லில் அரைத்த தூளுக்கே முதலிடம். ஆனால் அதற்கு நாலு காரியம் சரியாக நடக்க வேண்டும்: மிளகாய் பூஞ்சணம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், வறுவல் கருகாமல் இருக்க வேண்டும், மில்லின் வாய் சுத்தமாக இருக்க வேண்டும், அரைத்த தூள் ஆறிய பிறகே போத்தலுக்குள் போக வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும், திகதியும் சேர்மானமும் அச்சிட்ட நல்ல பக்கெற் அதைவிடப் பாதுகாப்பானது. திறந்த சாக்குச் சில்லறைத் தூளை எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது. எப்போது அரைத்தது, எதைச் சேர்த்தது, எத்தனை நாள் ஈரக்காற்றில் கிடந்தது என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் கிடைக்காது.

தூளிலிருந்து உடம்புக்கு என்ன கிடைக்கும் என்பதில் மிகைப்பேச்சு அதிகம். மஞ்சளை எடுங்கள். அதன் மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின், மஞ்சள்தூளின் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு பால்கறிக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது சுமார் ஒன்றரைக் கிராம் மஞ்சள் போட்டால், சட்டி முழுவதிலும் 45 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். ஐந்து பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 9 மில்லிகிராம். மிளகோடு சேர்ந்தால் குர்குமின் இரத்தத்தில் பலமடங்கு கூடுதலாகச் சேரும் என்று காட்டிய 1998 ஆம் ஆண்டு ஆய்வில், மனிதருக்குக் கொடுத்தது 2 கிராம் குர்குமினும் 20 மில்லிகிராம் பைபரினும். பைபரின் என்பது மிளகின் உறைப்புப் பொருள். அந்தப் பைபரின் அரைக் கிராம் மிளகிலேயே வந்துவிடும். அந்தக் குர்குமினுக்கோ 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். ஒரு நாளில் அதை யாரும் உண்ணப்போவதில்லை. வெந்தயமும் அப்படித்தான். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளில் நாளுக்கு 5 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். கறித்தூள் வழியாக ஆளுக்குச் சேர்வது ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீரிழிவுக்காரர் குளிசையை நிறுத்திவிட்டு வெந்தயக் கறியை நம்பினால் சர்க்கரை ஏறும்.

அப்படியானால் வீட்டில் தூள் அரைப்பதால் உடம்புக்கு வரும் நன்மை எங்கே இருக்கிறது? உப்பில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. மணம் போன பழைய தூளில் கறி வைத்தால் சப்பென்று இருக்கும். உடனே கை உப்புச் சிரட்டைக்கோ சூப் கட்டிக்கோ போகும். சூப் கட்டியின் உறையில் சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். பெரும்பாலும் முதற்பெயர் உப்புத்தான். வாசம் நிறைந்த புதுத்தூள் இருந்தால் கட்டி தேவைப்படாது, உப்பும் குறையும். இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய பயன் வேறில்லை. இரண்டாவது நன்மை, என்ன உள்ளே போகிறது என்பது கண்முன்னால் இருப்பது: சாயம் இல்லை, அரிசிமா இல்லை, பூஞ்சண மிளகாய் இல்லை.

சரக்கு வாங்கும்போது அதிக நேரம் செலவிட வேண்டியது செத்தல் மிளகாயில். இங்கே விற்கும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. நீண்ட பயணம், அடுக்கிய சாக்கு, மழைக்காலக் கடைக்கோடி என்று ஈரம் ஏற அதற்குப் பல இடம் உண்டு. பையைக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். மடித்தால் வளையாமல் முறிய வேண்டும். பத்து மிளகாயைக் கிள்ளி எடுத்து, காம்பின் அடியையும் உள்தோலையும் பாருங்கள். சாம்பல் நிறப் படலமோ கறுப்புப் பொட்டோ இரண்டில் இருந்தாலே அந்தச் சாக்கை விட்டுவிடுங்கள். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைக்கப்பட்டது. கழுவினாலும் வெயிலில் போட்டாலும் போகாது, வீட்டு வறுவல் சூட்டிலும் முழுதாக அழியாது. மலிவாகக் கிடைக்கும் நொறுங்கல் மிளகாயைத் தொடவே வேண்டாம். கெட்டதை நொறுக்கிச் சேர்த்திருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை.

மஞ்சளைத் துண்டாகவே வாங்குங்கள். 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விலை ஏறிய வேகத்தில் மாக் கலந்த மஞ்சள்தூள் நாடெங்கும் புழங்கியது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. துண்டிலும் ஒரு கவனம் வேண்டும். விரலில் ஒட்டும் அளவுக்கு வெளித்தோல் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு மெருகேற்ற ஈய குரோமேற்று என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறப்பொருளைப் பூசியதை ஆய்வாளர்கள் 2019 இல் வெளிப்படுத்தினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நல்ல துண்டு வெளியே மங்கலாக, மண்ணிறம் கலந்து இருக்கும். முறித்தால் உள்ளே ஆழ்ந்த செம்மஞ்சள் தெரியும்.

வீட்டுச் சோதனைகள் பற்றி ஒரு இடைக்குறிப்பு. மஞ்சள்தூளில் அயடீன் விட்டு நீலம் வந்தால் மா கலந்தது என்று பரப்புகிறார்கள். அது பிழை. மஞ்சளிலேயே இயற்கையாக மாப்பொருள் நிறைய உண்டு, எனவே சுத்தமான மஞ்சளும் நீலம் காட்டும். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவினால் நிறம் கோடாக இறங்குவது தண்ணீரில் கரையும் சாயத்தைக் காட்டிக்கொடுக்கும், அடியில் நறநறவென்று தங்குவது செங்கல்தூளைக் காட்டும். ஆனால் 2003 இல் ஐரோப்பாவில் மிளகாய்த்தூளில் பிடிபட்ட ‘சூடான்’ என்ற சிவப்புச் சாயம் எண்ணெயில் கரைவது. தண்ணீர்ச் சோதனையில் அது தப்பிவிடும். முழு மிளகாய் வாங்கி அரைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கீழே தரும் அளவில் கறுவா இல்லை, ஆனால் தனியாக வாங்கிப் பாவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கறுவாவில் நாம் பாக்கியசாலிகள். இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கக்கூடியதாக இருக்கும். கசியா என்ற தடித்த பட்டை ஒற்றைச் சுருளாய் மரம்போல இருக்கும். கசியாவில் ஈரலுக்கு ஆகாத குமரின் அதிகம், நம் கறுவாவில் அது அற்பம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வரம்பு உடல் எடை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி கசியாத் தூளே அதை எட்டிவிடக்கூடும். காலையில் கறுவாத் தண்ணீர் குடிப்பவர்கள் எந்தப் பட்டை என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

மல்லியும் சீரகமும் கசக்கி மணந்து பார்த்தால் போதும். ஓட்டை விழுந்த மல்லி வேண்டாம்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்த அளவு சரிவரும்: செத்தல் மிளகாய் 500 கிராம், கொத்தமல்லி 500, பெருஞ்சீரகம் 125, மிளகு 100, நற்சீரகம் 75, வெந்தயம் 25, மஞ்சள் 25, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. கழிவு போக 1.3 கிலோ அளவில் தூள் வரும். நாளுக்கு 15 கிராம் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். மாரிக்கு முந்திய அரைப்பைத் தவிர, அதற்கு மேல் அரைத்து வைப்பதில் அர்த்தமில்லை, வாசம் போய்விடும். நெஞ்செரிவு உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் இருந்தால் மிளகாய் 300, மல்லி 700 என்று மாற்றலாம். உறைப்புத்தான் வயிற்றுப் புண்ணை உண்டாக்குகிறது என்பது பழைய எண்ணம். பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற பக்ரீரியாவும் நோவுக்குப் போடும் சிலவகைக் குளிசைகளும். ஆனாலும் ஏற்கெனவே எரிவு உள்ளவருக்கு மிளகாய் வேதனையைக் கூட்டும்.

வறுவலில்தான் பலருடைய தூள் கெடுகிறது. எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டி வறுத்தால், மல்லி வறுபடுவதற்குள் வெந்தயம் கருகிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, அடி தடித்த தாச்சியில், சிறு நெருப்பில், அகப்பை நிற்காமல் வறுபட வேண்டும். முதலில் மல்லி, எட்டிலிருந்து பத்து நிமிடம், நிறம் ஒரு படி கூடும்வரை. பெருஞ்சீரகம் மூன்று நிமிடம். நற்சீரகம் அதைவிடக் குறைவு. மிளகு முதல் வெடிப்புக் கேட்கும்வரை. வெந்தயம் இளஞ்சிவப்பானதும் இறக்கிவிட வேண்டும். கபிலமானால் முழுத்தூளும் கைக்கும், அதைத் திருத்த வழி கிடையாது. மஞ்சளை உரலில் இட்டுச் சிறு துண்டாக உடைத்துச் சூடேற்றினால் போதும். உடைக்காமல் கொடுத்தால் மில்லில் சிக்கும், இல்லாவிட்டால் அரைபடாத கட்டியாக வெளியே வரும். கறிவேப்பிலையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, கையில் நொறுங்கும்வரை வறுக்க வேண்டும். தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிப்பதற்கு அரை ஈரக் கறிவேப்பிலைதான் வழக்கமான குற்றவாளி.

மிளகாய் கடைசி. யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஈளை உள்ளவர்களும் குழந்தைகளும் வீட்டின் மறுபக்கம் போய்விட வேண்டும், அந்தப் புகை மூச்சை அடைக்கும். மொறுமொறுப்பானால் போதும், கறுக்கக் கூடாது. கறுப்பு நிறக் கறி வேண்டுமென்று மிளகாயைக் கருக்குவது நல்லதல்ல. கருகியது கைக்கும், வாசத்தைத் தரும் எண்ணெய்ச்சத்தும் எரிந்துவிடும். வறுத்ததையெல்லாம் சுளகில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, அன்றைக்கே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரிரவு வைத்தால் கடற்காற்று மொறுமொறுப்பை எடுத்துவிடும்.

இனி மில். நகரிலும், கிண்ணியா மூதூர் பக்கமும் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் வயதைவிட அதற்கு முன் அதில் என்ன அரைபட்டது என்பதுதான். மிளகாய்க்கும் அரிசிமாவுக்கும் தனித்தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இயந்திரம் என்றால், உங்களுக்கு முன் அரைபட்ட எதன் மிச்சமும், அது பூஞ்சண மிளகாயானாலும், உங்கள் தூளில் வரும். கோதுமையோ கச்சானோ ஒவ்வாத பிள்ளை உள்ள வீட்டுக்கு இது இன்னும் பெரிய விஷயம். இதற்காகவே 50 கிராம் மல்லியைத் தனியே கொண்டுபோய், "அண்ணன், இதை முதல்ல ஓடவிட்டுக் கழிச்சிட்டு, பிறகு என்ட சரக்கைப் போடுங்க" என்று கேளுங்கள். நல்ல மில்காரர் முகம் சுளிக்கமாட்டார். மறுப்பவரிடம் இரண்டாம் முறை போகத் தேவையில்லை.

தூள் எந்தச் சூட்டில் விழுகிறது என்று கவனியுங்கள். தகடு தேய்ந்த மில்லில் நைசாக வருவதற்கு இரண்டு மூன்று தரம் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் சூடு ஏறி வாசம் பறக்கும். ஒரு தரம், தேவையானால் இரண்டாம் தரம், அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் கறியில் வெந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு காந்தத்தை மெல்லிய பொலித்தீனில் சுற்றித் தூளுக்குள் கிளறிப் பாருங்கள். கறுப்பு மயிர்போல இரும்புத்துகள் ஒட்டினால் அந்தத் தகடு மாற்றும் வயதைத் தாண்டிவிட்டது. இரண்டொரு துகளுக்குப் பதறத் தேவையில்லை, காந்தம் மூடும் அளவுக்கு வந்தால் மில்லை மாற்ற வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நிறுத்துக்கொள்ளுங்கள். சற்றுக் குறைவது இயல்பு. கூடி வந்தால் அது மற்றவருடைய தூள்.

தைப்பொங்கலுக்கு முன்னும் தீபாவளி வாரத்திலும் மில்லுக்குப் போகாதீர்கள். அரிசிமா நெருக்கடியில் துப்புரவாக்கவும் ஆறுதலாக அரைக்கவும் யாருக்கும் நேரம் இராது, மழையும் கூடவே இருக்கும். கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலந்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

அரைத்த தூள் பையில் கட்டும்போது சூடாக இருக்கும். அப்படியே மூடி வைத்தால் உள்ளே வேர்த்து, இரண்டு கிழமையில் நடுவே கட்டி விழும். தாளில் பரப்பி இரண்டு மணிநேரம் ஆறவிட்டு, காய்ந்த கண்ணாடிப் போத்தல் மூன்றில் பிரித்து நிரப்புங்கள். ஒன்று பாவனைக்கு, மற்ற இரண்டும் இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள். பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திருப்ப வேண்டும், இல்லையேல் காற்றின் ஈரம் குளிர்ந்த தூளில் படியும். ஆவி பறக்கும் சட்டிக்கு மேலே போத்தலைப் பிடித்துத் தட்டுவது அடுத்த கெட்ட பழக்கம். காய்ந்த கரண்டியால் சட்டியிலிருந்து தள்ளி நின்று எடுங்கள். புளிப்பு மணமோ மண் மணமோ வந்தால் முழுப் போத்தலையும் கொட்டிவிட வேண்டும், கட்டியை மட்டும் எடுத்தெறிவது போதாது.

சட்டியில் இந்தத் தூள் எப்படி வேலை செய்கிறது என்பதை அரைக் கிலோ பாரை மீனில் சோதிக்கலாம். தேசிக்காய் அளவு புளியைக் கரைத்து, மேசைக்கரண்டி கூம்பாக ஒன்று தூள், வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். மீனைப் போட்டு, வெந்து வரும்போது கால் தேங்காயின் முதற்பால். மஞ்சளின் குர்குமினும் மிளகாயின் உறைப்பும் கொழுப்பில் கரைபவை, தேங்காய்ப்பால்தான் அவற்றை இழுத்துக் கறி முழுக்கப் பரப்புகிறது. உப்பைக் கடைசியில், அரைத் தேக்கரண்டி மட்டும். முதற்கிழமை குறைவாகத் தெரியும். நாக்கு சில கிழமைகளில் பழகிவிடும். கருவாட்டுக் கறி என்றால் உப்பே போட வேண்டாம், கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

நிறத்தில் ஒரு ஏமாற்றம் வரும். பக்கெற் தூளின் செக்கச் சிவப்பு இதில் கிடைக்காது, கபிலம் கலந்த சிவப்புத்தான் வரும். அது வறுவலின் நிறம், குறை அல்ல.

பக்கெற்றை நியாயமாக மதிப்பிட்டால், வேலைக்குப் போகும் தனியாளுக்கும் மழைக்காலத்தில் தூள் முடிந்துபோன வீட்டுக்கும் அது சரியான தெரிவு. சேர்மானத்தில் உப்பு, அரிசிமா, சுவையூட்டி என்ற மூன்றும் இல்லாததாக, உற்பத்தித் திகதி மூன்று மாதத்துக்குள் உள்ளதாக, 100 கிராம் பக்கெற்றாகவே வாங்குங்கள். கலப்படச் சந்தேகம் வந்தால் பற்றுச்சீட்டோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி கடையில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

மஞ்சள் குளிசைகளை இந்தத் தூளோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. செறிவூட்டிய குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. கறியில் சேரும் அளவு மஞ்சளுக்கு இந்த அச்சம் வேண்டாம்.

வருடத்தில் கவனிக்க வேண்டிய அரைப்பு, மாரி மழை தொடங்குமுன் புரட்டாதியில் வருவது. அந்த முறை அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டி, 1.7 கிலோ வரும்படி அரைத்து, நாலு போத்தலில் அடைத்துவிட்டால் மாரி முழுக்க மில் பக்கம் போகத் தேவையில்லை. தையில் மழை விட்டு, இரண்டு நாள் தொடர்ந்து நல்ல வெயில் கண்ட பிறகு அடுத்த மிளகாயை வாங்கலாம்.